மச்சான் வரும்வரை சாத்விகம்

இந்தக் கதை எனக்கு நடந்ததல்ல. நான் நேரில் பார்த்ததும் பாதிதான். மீதி, எங்கள் லிஃப்ட் கம்பெனியின் மூத்த மெக்கானிக் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடி மோட்டார் ரூமில் உட்கார்ந்துகொண்டு சொன்னது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவருடைய வீரம் ஒரு மாடி உயர்ந்துவிடும். அதனால் தரைத்தளத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி எழுதுகிறேன்.

நான் அங்கே பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்திருந்த புதிது. அவர் என்னை "இன்ஜினியரம்மா" என்று கூப்பிடுவார். எனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

"இன்ஜினியரம்மா, பொண்டாட்டிக்குத் தெரியாம ஒரு பெரிய காரியத்தை முடிச்ச ஆம்பளையைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லை சார்."

"இப்ப நல்லா பார்த்துக்கோங்க." கிரீஸ் படிந்த கையால் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

காரியம் இதுதான். லிஃப்ட் கூண்டு ஏறி இறங்கும் நெட்டுக்குத்தான இருட்டுக் குழியை நாங்கள் கிணறு என்போம். மெக்கானிக் அந்தக் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். நிற்கும்போது தலை சுற்றினால் கதை முடிந்தது. அதனால் கம்பெனியில் வருஷா வருஷம் உடல் பரிசோதனை உண்டு. இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தால் கிணற்றுக்குள் விடமாட்டார்கள். புகார் போன் எடுக்கும் மேஜைக்கு மாற்றிவிடுவார்கள்.

அந்த வருஷம் டாக்டர் அவர் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். பார்த்தார். நம்பாமல் மறுபடி அடித்தார்.

"என்னய்யா சாப்பிடறீங்க?"

"சாப்பாடுதான் டாக்டர்."

"உங்க பிரஷர் மேல்மாடிக்குப் போய் அங்கேயே நிக்குது. கீழ வர மாட்டேங்குது. மூணு மாசம் டைம் தர்றேன். உப்பைக் குறைங்க. நேரத்துக்குத் தூங்குங்க. கத்தறதைக் குறைங்க. இறங்கினா கிணறு. இறங்கலைன்னா போன்."

புகார் போன் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். நடு மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் யாரும் அந்தப் போனில் வணக்கம் சொல்லி ஆரம்பிப்பதில்லை. அதோடு, இத்தனை வருஷம் கிணற்றுக்குள் நின்று விசிலடித்த மனிதர், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து "லைன்ல இருங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பதை என்னால்கூட நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"வீட்டுல சொல்லிட்டா அக்கா பார்த்துச் சமைப்பாங்களே சார்?" என்று கேட்டேன்.

"சொன்னா உப்பு டப்பாவுக்குப் பூட்டுப் போடுவா. பூட்டுக்குக்கூட நான் பயப்படலை. 'நான் அப்பவே சொன்னேனே'ன்னு ஒண்ணு ஆரம்பிப்பா பாருங்க, அதுக்குத்தான். அதுக்கு மாத்திரையே கிடையாது."

ஆகவே மனைவியிடம் சொல்லவில்லை. உப்பையும் குறைக்கவில்லை. அழுத்தம் தானாக இறங்கிவிடும் என்று ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே காத்திருந்தார். அப்போதுதான் அடுத்த இடி விழுந்தது.

"என்னங்க, எங்க அண்ணன் வீட்டுல தரையைப் பேர்த்துட்டாங்களாம். வேலை முடியுற வரைக்கும் இங்க வந்து இருக்கலாமான்னு கேக்கறாங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"தரை காயுற வரைக்கும்."

"தரை எப்ப காயும்?"

"அதைத் தரையைத்தான் கேக்கணும்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெக்கானிக்குக்கும் அவருடைய மச்சானுக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது. ஒருமுறை மச்சான் வெளியூரிலிருந்து வந்திருந்தபோது, தான் பழுது பார்த்த லிஃப்ட்டைக் காட்டுகிறேன் என்று மெக்கானிக் பெருமையாகக் கூட்டிப்போனார். மச்சான் உள்ளே காலை வைத்தார். கதவு மூடியது. கூண்டு இரண்டு மாடிக்கு நடுவே நின்றது.

வெளியிலிருந்து மெக்கானிக் தைரியம் சொன்னார். "பதறாதீங்க மச்சான்! இந்த லிஃப்ட் எங்கேயும் போகாது!"

மச்சானுக்கும் அதுதான் பிரச்சினையாக இருந்தது.

மீட்டு வெளியே எடுத்தபோது மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு நிறுத்தியவர் இன்றுவரை பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே தகவல் போவதும் வருவதும் மெக்கானிக்கின் மனைவி வழியாகத்தான்.

"அந்த ஊர்ல ஹோட்டலே இல்லையா?" என்றாராம் மெக்கானிக்.

"கூடப் பொறந்தவ கல்லு மாதிரி இருக்கும்போது ஹோட்டலா? வந்தா வந்துட்டுப் போறாங்க. ஆனா நீங்க கொஞ்சம் பார்த்து நடந்துக்கணும். அண்ணனுக்கு வெங்காயம் பூண்டு இல்லாம தொண்டையில இறங்காது. காலையிலயே முட்டை வேணும். எட்டு மணிக்கு முன்னாடி எழுப்பினா அன்னிக்கு முழுக்க ஊரையே திட்டுவாங்க. சாத்விகச் சாப்பாடு, விடியறதுக்கு முன்னாடி குளியல், தியானம் அப்படின்னு யாராவது வாயைத் திறந்தாலே அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுடுவாங்க. அதனால அந்தப் பேச்சை மட்டும் எடுத்துடாதீங்க."

இதைச் சொல்லும்போது மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டார். "எதிரியோட பலவீனத்தை அவளே சொல்றா இன்ஜினியரம்மா! அவ வாயாலயே!"

மறுநாள் காலை அவர் வீட்டில் பிரகடனம் வெளியானது.

"இன்னியிலிருந்து இந்த வீடு சாத்விகம்."

"எதுக்குங்க திடீர்னு?"

"ஆன்மாவுக்கு."

"யாரோட ஆன்மாவுக்கு?"

"என்னோடதுக்குத்தான்."

"இத்தனை வருஷம் அது எங்க இருந்துச்சு?"

"வேலையா இருந்துச்சு. இப்பத்தான் கூப்பிடுது."

மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ, அண்ணன் வர்ற நேரத்துலயா? பாவம்ங்க அவங்க. ஒரு மாசம் கழிச்சு ஆரம்பிக்கக் கூடாதா?"

"ஆன்மா காத்திருக்காது."

எனக்குத் தெரிந்தவரை இந்தச் சாத்விகத்தைச் சொல்கிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டை மூன்றாகப் பிரிக்கிறார்கள். மனசை அமைதியாக்குவது சாத்விகம்: அன்றன்றைக்குச் சமைத்த தானியம், பருப்பு, காய், பழம், பால். காரம், புளிப்பு, உப்பு தூக்கலாக இருந்து ஆளைக் கிளப்பிவிடுவது ராஜசம். பழையது, ஊசியது, சாப்பிட்டதும் ஆளைச் சுருட்டிப் படுக்க வைப்பது தாமசம். வெங்காயமும் பூண்டும் முட்டையும் கூடாது. விடியலுக்கு முன் எழுந்து குளித்துச் சும்மா உட்கார வேண்டும். பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாட்டை முடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், சமைக்கிறவரின் மனநிலை சாப்பாட்டில் இறங்கும் என்பது. இந்தக் கடைசி விஷயத்தை மெக்கானிக் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து பெருமையாக வீட்டில் சொல்லியிருக்கிறார். அது தனக்கே வினையாகும் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

மனைவி அண்ணனுக்குப் போன் போட்டார். மெக்கானிக் செய்தித்தாளுக்குப் பின்னால் காதை நீட்டினார்.

"அண்ணே, இங்க அவரு சாத்விகம் ஆரம்பிச்சிருக்காரு... ஆமா, பூண்டு கிடையாது... உப்பும் பேருக்குத்தான்... என்னது, நம்பலையா?" போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "நம்ப மாட்டேங்கறாங்க. 'உன் வீட்டுக்காரராவது, சாத்விகமாவது'ன்னு சிரிக்கறாங்க. ஒரு நாள் சொல்லாம கொள்ளாம வந்து நின்னு பார்ப்பாங்களாம்."

"வரட்டும், பார்க்கட்டும்!" என்றார் மெக்கானிக். அப்படிச் சொன்னதால் மாட்டிக்கொண்டார். மச்சான் எந்த நாள் வந்து நிற்பார் என்று தெரியாது. ஆகவே எல்லா நாளும் சாத்விகமாகவே இருந்தாக வேண்டும்.

விடியலுக்கு முன் குளிர்ந்த தண்ணீரில் குளித்தார். பக்கத்து வீட்டில் இரண்டு நாள் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்களாம், அவர் போட்ட சத்தத்தில். பிறகு தியானம். கண்ணை மூடினார். சற்று நேரத்தில் வாயைத் திறந்தார்.

"என்னங்க, குறட்டை விடற தியானம் எந்த வகை?"

"ஆழ்ந்த வகை."

"அண்ணன் பார்த்தா சிரிப்பாங்க. நிமிர்ந்து உட்காருங்க. மூச்சை மெதுவா இழுங்க. இன்னும் மெதுவா. விடுங்க. நான் சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்கக் கூடாது."

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"உங்க ஆன்மா கூப்பிட்டப்ப எனக்கும் கொஞ்சம் கேட்டுச்சு."

அந்த வாரத்திலிருந்துதான் நானும் இதில் சாட்சி. மதியம் டப்பாவைத் திறந்தால் பூசணிக்காய், பருப்பு, சோறு, ஒரு வாழைப்பழம். உப்பு இருக்கிறதா என்று நாக்கால் தேட வேண்டும். "மிச்சம் வச்சா பழசாயிடும், பழசு தாமசமாம். இதைச் சாப்பிட்டு என் ஆன்மாவைக் காப்பாத்துங்க" என்று பாதியை என் பக்கம் தள்ளுவார். வேலை நிரந்தரமாகுமா என்ற கவலையில் மதியம் எதுவும் இறங்காமல் இருந்த நான் அவருடைய ஆன்மாவைக் காப்பாற்றிக் காப்பாற்றி ஒரு சுற்றுப் பெருத்தேன். சாயங்காலம் மோட்டார் ரூம் ஜன்னலில் வெயில் சரிந்தால் போதும், ஸ்பானரைக் கீழே போட்டுவிடுவார். முன்பெல்லாம் இருட்டும்வரை சீட்டாடிவிட்டுப் போகிறவர், சூரியனோடு பந்தயம் கட்டியவர்போல வீட்டுக்கு ஓடினார்.

ஒரு நாள் மட்டும் வழுக்கினார். தெருமுனைக் கடையில் வெங்காயம் போட்ட ஆம்லெட். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் வந்தது.

"என்னங்க, வெங்காய வாசனை?"

"லிஃப்ட்ல ஒருத்தன் சாப்பிட்டுட்டு வந்தான். ஒட்டிக்கிச்சு."

"வாயிலயா?"

மனைவி கோபப்படவில்லை. போனை எடுத்தார். "சரி விடுங்க. இந்த வீட்டுல ஒரு கட்டுப்பாடும் இல்லை, தாராளமா வந்து இருங்கன்னு அண்ணன்கிட்ட சொல்லிடறேன். அவங்களும் வெங்காயம் நறுக்கித் தருவாங்க உங்களுக்கு."

"ஏம்மா! ஏம்மா! போனை வை. இனிமே அந்தக் கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

"எனக்கென்ன, உங்க ஆன்மா."

இன்னொரு நாள் சாப்பாடு தாமதமானது. ஜன்னலுக்கு வெளியே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் பழைய குரலை எடுத்தார்.

"இன்னும் என்ன பண்ற உள்ள? பொழுது போயிடப் போகுது!"

அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. மனைவி கரண்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"என்ன இது?"

"நீங்க கத்தினீங்க. என் மனசு கொதிக்குது. கொதிக்கிற மனசோட சமைச்சா அது சாப்பாட்டுல இறங்கும்னு நீங்கதானே சொன்னீங்க? நான் சமைச்சு நீங்க சாப்பிட்டு உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா? நீங்களே சமைச்சுக்கோங்க. உங்க மனசு சாத்விகம்."

அன்று அவர் ஒரு வாழைப்பழத்தோடு படுத்தார். அதன்பிறகு அந்த வீட்டில் அவர் குரல் உயரவேயில்லையாம். "கோபம் வரும், இன்ஜினியரம்மா. தொண்டை வரைக்கும் வரும். உடனே அந்தக் கரண்டி ஞாபகம் வரும். மூச்சை மெதுவா இழுத்து விட்டுருவேன்."

மச்சான் மட்டும் வரவில்லை. அடுத்த வாரம் வருகிறார் என்பார் மனைவி. அடுத்த வாரம் மச்சானுக்கு முட்டிவலி. அதற்கடுத்த வாரம் டிக்கெட் கிடைக்கவில்லை. பிறகு பெட்டியின் ஜிப் போய்விட்டது. வராத மச்சானுக்குப் பயந்து ஒரு மனிதர் தினமும் விடியலில் குளித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கொடுத்த மூன்று மாதம் முடிந்தது. அன்று நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாதி திறந்த கதவு வழியாக உள்ளே நடந்ததும் பேசியதும் எனக்குத் தெரிந்தது. இது அவர் சொல்லித் தெரிந்ததல்ல.

டாக்டர் காற்றடித்தார். பார்த்தார். மிஷினைத் தட்டிப் பார்த்தார்.

"டாக்டர், மிஷின்ல ஏதாவது கோளாறா? கழட்டிப் பார்க்கட்டுமா?"

"கையை ஆட்டாதீங்க." மறுபடி காற்றடித்தார். "இந்தக் கை."

"அதுவும் என் கைதான் டாக்டர்."

"என்ன பண்ணினீங்க? தரைத்தளத்துக்கு வந்து நிக்குது."

மெக்கானிக்கின் குரல், எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரல், "அப்ப நான் கிணத்துக்குள்ள போலாமா டாக்டர்?" என்று கேட்டது.

"தாராளமா."

வெளியே வந்தவர் என்னைத் தாண்டி நேராகப் போனார். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். அன்று மதியம் கிணற்றுக்குள்ளிருந்து விசில் சத்தம் எல்லா மாடிக்கும் கேட்டது. எனக்கே ஏதோ பரீட்சையில் தேறிவிட்டதுபோல இருந்தது.

அன்று மாலை அவர் வீடு போனபோது இன்னொரு நல்ல செய்தியும் காத்திருந்தது.

"என்னங்க, அண்ணன் வரலையாம். உங்க சாத்விகத்தைக் கேட்டுப் பயந்துட்டாங்க."

மெக்கானிக் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார். "அடடா. அப்ப இனிமே கொஞ்சம் பூண்டு..."

"அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. எதுக்கும் பழக்கத்தை விட்டுடாதீங்க. இந்தாங்க, இவ்வளவுதான்." தட்டின் ஓரத்தில் ஒரு துளி ஊறுகாய் வைத்தாராம். ஆசையாக நக்கிப் பார்த்தவருக்கு உப்புக் கரித்தது. பாதியை ஒதுக்கிவிட்டார்.

"இப்ப சொல்லுங்க இன்ஜினியரம்மா. மச்சானை விரட்டினேன். மெடிக்கல்ல பாஸானேன். ரெண்டுமே அவளுக்குத் தெரியாது!" அவர் கதை இத்தோடு முடிகிறது. வெற்றிக்கதை.

பல மாதம் கழித்து, ஒரு கட்டடத்தில் லிஃப்ட் சோதனை செய்ய என்னை வெளியூருக்கு அனுப்பினார்கள். அந்தக் கட்டடத்துக் கணக்காளர், நல்ல உயரமான மனிதர், எனக்கு வழி காட்ட வந்தவர், லிஃப்ட்டைத் தாண்டிப் படிக்கட்டில் ஏறினார்.

"லிஃப்ட் நல்லா வேலை செய்யுது சார். இப்பத்தான் பார்த்தேன்."

"செய்யட்டும்மா. எங்க மாப்பிள்ளை ஒரு லிஃப்ட் மெக்கானிக். அதனால நான் படிக்கட்டு."

கேட்பது மரியாதையா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

"உங்க வீட்டுத் தரை காய்ஞ்சிடுச்சா சார்?"

"எந்தத் தரை?" குனிந்து தன் காலடியைப் பார்த்தார்.

மதியம் அவர் டப்பாவைத் திறந்தார். பூசணிக்காய், பருப்பு, சோறு, ஒரு வாழைப்பழம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கும்மா. போன வருஷம் என் தங்கச்சி போன் பண்ணினா. மாப்பிள்ளைக்கு இந்த ஊர்ல ஏதோ பெரிய கட்டடத்துல லிஃப்ட் மாட்டற வேலையாம். முடியுற வரைக்கும் என் வீட்டுலதான் தங்குவாராம். எப்ப முடியும்னு கேட்டேன். 'அதை லிஃப்ட்டைத்தான் கேக்கணும்'னா. கூடவே இன்னொண்ணு சொன்னா. அவருக்குப் பூண்டு இல்லாம தொண்டையில இறங்காதாம். எட்டு மணிக்கு முன்னாடி எழுப்பக் கூடாதாம். சாத்விகம்னு யாராவது ஆரம்பிச்சாலே ஓடிடுவாராம். அவளே சொல்றா பாரும்மா, அவ வாயாலயே!"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"மறுநாளே நான் ஆரம்பிச்சேன். ஆள் இந்தப் பக்கம் தலைகாட்டலையே!" குரலைத் தாழ்த்தினார். "சர்க்கரையும் பாதியா இறங்கிடுச்சு. எனக்குச் சர்க்கரை இருந்ததே தங்கச்சிக்குத் தெரியாது. என் வீட்டுக்காரிகிட்டகூட 'அவகிட்ட மூச்சு விடாதே'ன்னு சொல்லி வச்சிருக்கேன். அவங்க ரெண்டு பேரும் தினம் போன்ல பேசுவாங்க. ஆனா இது மட்டும் வெளிய வரலை."

ஊர் திரும்பியதும் மெக்கானிக் என்னைப் பிடித்துக்கொண்டார். "மச்சான் இருக்கற கட்டடத்துக்குத்தான் போனீங்களாமே? ஆளைப் பார்த்தீங்களா? எப்படி இருக்காரு?"

எனக்குப் பொய் வராது. உண்மையும் அந்த நேரத்தில் வரவில்லை. "நல்லா இருக்காரு சார். உங்களை நினைச்சா இன்னும் பயப்படறாரு."

"பயப்படுவாரு!" முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் வாடியது. "ஆனா மறுபடி கிளம்பப் போறாராம். நேத்துத்தான் அவ சொன்னா. இந்தத் தடவை கூரை ஒழுகுதாம். அதனால நாளையிலிருந்து அந்த ஒரு துளி ஊறுகாயும் கட். பார்த்துடலாம் ஒரு கை." விசிலடித்தபடி கூண்டின் தலைமேல் ஏறிக்கொண்டார். கூண்டு மெதுவாகக் கிணற்றுக்குள் இறங்கியது.

எனக்கு மனசு கேட்கவில்லை. பரிசோதனைப் பிரிவில் போய், இந்த வருஷத்து மெடிக்கல் எப்போது என்று விசாரித்தேன். அங்கிருந்த குமாஸ்தா, அடுத்த மாதம் என்றும், அதை இன்னும் ஊழியர்கள் யாருக்கும் சொல்லவில்லை என்றும், வருஷா வருஷம் ஓர் அம்மா மட்டும் முன்கூட்டியே போன் பண்ணித் தேதியையும், முடிந்தபிறகு முடிவையும் கேட்டுவைத்துக்கொள்வார் என்றும் சொன்னார்.